கால்சிடோனின்: இல்லாட்டியும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்த நம்பர பாக்காம இருக்க முடியல

ஆறு வருஷம் முன்னாடி எனக்கு தைராய்டு மொத்தமா எடுத்தாங்க. கேன்சர் இல்ல, ரெண்டு பக்கமும் கட்டி கட்டியா பெருசாகி மூச்சுக்குழாய அமுக்க ஆரம்பிச்சிருந்துச்சு, அதனால எடுத்துட்டாங்க. டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கு டாக்டர் காலைல வெறும் வயித்துல போட வேண்டிய தைராக்ஸின் மாத்திரைய பத்தி விளக்கிட்டு இருந்தாரு, நான் எங்கயோ படிச்ச ஞாபகத்துல கேட்டேன், சார் தைராய்டுல கால்சிடோனின்னு இன்னொரு ஹார்மோனும் சுரக்குதாமே அதுக்கு மாத்திரை எது. அவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாத்துட்டு "அதுக்கு ஒண்ணும் வேணாம், அது இல்லாமலே நல்லா இருப்பீங்க"ன்னு சொன்னாரு. அவ்ளோதான். அவர் சொன்னது சரிதான், ஆறு வருஷமா என் உடம்புல கால்சிடோனின் கிட்டத்தட்ட கிடையாது, எலும்பு அடர்த்தி ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு, ரத்தத்துல கால்சியமும் ஒழுங்கா இருக்கு. ஆனா உடம்பு மெனக்கெட்டு ஒரு ஹார்மோன உண்டாக்குது, அதுக்குன்னு தனி செல் வெச்சிருக்கு, அது போனா யாருக்கும் எதுவும் தெரியலைங்கிறது எப்படி சாத்தியம்னு மனசு கேக்கல. அப்போலேர்ந்து கையில கெடச்சத எல்லாம் படிச்சிட்டு இருக்கேன். அதுக்கப்புறம் கூட வேலை பாத்த அக்காவுக்கு நடந்தது இதையெல்லாம் எழுதியே ஆகணும்னு ஆக்கிடுச்சு. அதுக்கு பின்னாடி வரேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன், ஏன்னா நானே அதுல மாட்டினேன். ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள் எனக்கு உதட்ட சுத்தி மரத்துப் போன மாதிரி, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு, கால்சியம் எறங்கிடுச்சுன்னு ட்ரிப்ஸ்ல கால்சியம் ஏத்தினாங்க. நான் உடனே ஆஹா கால்சிடோனின் போனதாலதான் இதுன்னு நெனச்சேன். முழுக்க தப்பு. கால்சிடோனின் கால்சியத்த *கொறைக்கிற* ஹார்மோன், அது போனா கால்சியம் ஏறணுமே தவிர எறங்கக் கூடாது. எனக்கு எறங்கினதுக்கு காரணம் தைராய்டுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு அரிசி அளவுல இருக்குற நாலு பாராதைராய்டு சுரப்பிங்க ஆபரேஷன்ல ரத்த ஓட்டம் கொறஞ்சு கொஞ்ச நாள் மயங்கிக் கெடந்தது. ரத்தத்துல கால்சியத்த தூக்கி நிறுத்துறது அதுங்கதான். மூணு வாரத்துல அதுங்க எழுந்துக்கிச்சு, எனக்கும் சரியாயிடுச்சு.

சரி, இந்த கால்சிடோனின் எங்கேர்ந்து வருது. தைராய்டுல பெரும்பாலான செல்லுங்க அயோடின வெச்சு தைராக்ஸின் தயார் பண்ணுது. அதுங்களுக்கு நடுவுல ரொம்ப சொற்பமா இன்னொரு ஜாதி செல் இருக்கு, சி செல்னு பேரு, அதிகமா ரெண்டு மடலோட மேல் பாதிப் பக்கம் இருக்கும். அயோடினோட அதுக்கு எந்த சம்பந்தமும் இல்ல, மூளைலேர்ந்து வந்து தைராய்ட வேலை செய்ய வெக்கிற டிஎஸ்எச் ஹார்மோன் பேச்சையும் அது கேக்காது. ரத்தத்துல கால்சியம் ஏறினா அத உணர்ந்து கால்சிடோனின விடும். 32 அமினோ அமிலம் கோத்த சின்ன சங்கிலி அது, ரத்தத்துல சில நிமிஷத்துலயே பாதி காணாமப் போயிடும். மீனுக்கு, பறவைக்கு எல்லாம் இந்த செல்லுங்க தைராய்டுக்குள்ள வராம கழுத்துல தனி சுரப்பியாவே இருக்கு, பாலூட்டிங்கள்ல மட்டும்தான் கரு வளரும்போது போய் தைராய்டுக்குள்ள கலந்துடுது. அதனால இதுவும் தைராய்டு ஹார்மோனான்னு கேட்டா, விலாசம் தைராய்டு, சொந்தம் வேற.

கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்ப புடிக்கும். கனடாவுல வான்கூவர்ல ஹரால்ட் காப்னு ஒரு விஞ்ஞானி, 1960-கள் ஆரம்பத்துல நாய்ங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு. அதுவரைக்கும் எல்லாரும் நெனச்சது என்னன்னா பாராதைராய்டு ஹார்மோன் கூடினா கால்சியம் ஏறும், கொறஞ்சா எறங்கும், கதை முடிஞ்சது. காப் கழுத்துல இருக்குற தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிங்களுக்கு மட்டும் கால்சியம் அதிகமா இருக்குற ரத்தத்த பாய்ச்சிப் பாத்தாரு, அப்போ உடம்பு முழுக்க கால்சியம் எறங்கின வேகம், பாராதைராய்ட அடியோட வெட்டி எடுத்தா எறங்குற வேகத்த விட அதிகமா இருந்துச்சு. ஒரு ஹார்மோன் நின்னுபோறதால மட்டும் இவ்ளோ வேகமா எறங்க முடியாது, வேற ஒண்ணு இறக்கி விடுதுன்னு அவருக்கு புரிஞ்சுது, கால்சியத்தோட சுருதிய சரி பண்ணி வெக்கிறதுங்கிற அர்த்தத்துல கால்சிடோனின்னு பேரு வெச்சாரு. ஆனா அது பாராதைராய்டுலேர்ந்து வருதுன்னுதான் அவர் நெனச்சாரு. அப்புறம் 1963-ல எலிங்கள வெச்சு வேலை செஞ்ச இன்னொரு குழு, பாராதைராய்ட கத்தியால எடுக்கும்போத விட சூடு வெச்சு பொசுக்கும்போது கால்சியம் வேகமா எறங்குறத கவனிச்சாங்க, பொசுக்கும்போது பக்கத்துல இருக்குற தைராய்டும் அடிபட்டு அதுலேர்ந்து என்னவோ கசியுது. லண்டன்ல 1964-ல ஆடுங்கள்ல அது தைராய்டுலேர்ந்துதான் வருதுன்னு உறுதி பண்ணிட்டாங்க. மனுஷக் கால்சிடோனினோட அமைப்ப 1968-ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு அவங்களுக்கு போதுமான சரக்கு எங்க கெடச்சுதுன்னா, அந்த சி செல்லுங்கள்ல வர்ற கேன்சர் கட்டிலேர்ந்து. ஆரோக்கியமான தைராய்டுல அவ்ளோ கொஞ்சமா இருக்குற பொருள் அந்த கட்டில குவிஞ்சு கெடந்துச்சு. அக்கா கதைக்கு இதுதான் அடிப்படை, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கால்சிடோனின் செய்யுற வேலை. எலும்பு ஒரு கட்டடம் மாதிரி ஒருதடவ கட்டினா முடிஞ்சதுன்னு கெடையாது, எந்நேரமும் ஒரு பக்கம் கரைஞ்சுக்கிட்டும் இன்னொரு பக்கம் படிஞ்சுக்கிட்டும் இருக்கும். கரைக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட்னு பேரு, அது எலும்பு மேல போய் ஒட்டிக்கிட்டு அடிப்பக்கத்த மடிப்பு மடிப்பா விரிச்சு அமிலத்த விட்டு கரைக்கும். கால்சிடோனின் பட்டதும் அந்த மடிப்பு சுருங்கிடும், செல் நகர்றத நிறுத்திடும், நிமிஷக் கணக்குல நடக்கும் இது. சிறுநீரகத்துலயும் கொஞ்சம் கால்சியம் கூடுதலா வெளிய போக வெக்கும். இவ்ளோ நேரடியா வேகமா வேலை செய்யுற ஹார்மோன் இல்லாம எப்படி நான் நல்லா இருக்கேன்?

இதுக்கு ரெண்டு பக்க சாட்சி இருக்கு. என்ன மாதிரி தைராய்டு எடுத்தவங்ககிட்ட கால்சிடோனின் அத்துப் போச்சு, ஆனா கால்சியம் ஏறல. மறுபக்கம் அந்த சி செல் கேன்சர் வந்தவங்ககிட்ட கால்சிடோனின் சாதாரணத்த விட நூறு மடங்கு ஆயிரம் மடங்கு கொட்டுது, ஆனா அவங்களுக்கு கால்சியம் எறங்கல, எலும்பும் இரும்பா ஆயிடல. ஒரு காரணம், ஆஸ்டியோகிளாஸ்ட் மேல தொடர்ந்து கால்சிடோனின் பட்டுக்கிட்டே இருந்தா அது தன் மேல இருக்குற ரிசப்டர, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டிக்கிற எடத்த, கொறச்சுக்கிது, ரெண்டு நாள்ல காது மூடிக்கிது. இன்னொரு காரணம், மனுஷங்கள்ல கால்சியத்த நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்துக்கிற பொறுப்பு பாராதைராய்டு ஹார்மோன்கிட்டயும் வைட்டமின் டி-கிட்டயும் இருக்கு, இது ஏதோ சமயத்துல மட்டும் வந்து நிக்கிற ஆள்.

அந்த சமயம் எதுன்னு தேடினப்போதான் எனக்கு ஒரு பதில் கெடச்ச மாதிரி இருந்துச்சு. கர்ப்பமும் பால் குடுக்குற காலமும். தாய்ப்பால்ல போற கால்சியத்துல பெரும் பங்கு அம்மாவோட எலும்புலேர்ந்துதான் வருது, அந்த சமயத்துல கால்சிடோனின் தைராய்டுல மட்டுமில்லாம நஞ்சுக்கொடிலயும் மார்பகத்துலயும் கூட உண்டாகுது. கால்சிடோனின் ஜீன் இல்லாம வளத்த எலிங்க பால் குடுக்கும்போது முதுகெலும்புல பாதிக்கு மேல தாதுவ இழந்துடுச்சுங்க, சாதாரண எலிங்க இழக்குறத விட ரெண்டு மடங்கு. குட்டிங்க பால் மறந்ததும் அதுங்க எலும்பு திரும்பி வந்துடுச்சு, அதுவும் ஆச்சரியம்தான். மனுஷ அம்மாங்களுக்கும் அப்படியே பொருந்தும்னு எலிய வெச்சு அடிச்சு சொல்லிட முடியாது. ஆனா தாயோட எலும்பு மொத்தமா கரைஞ்சு போகாம புடிச்சு நிறுத்துறதுக்குன்னு இருக்குற ஹார்மோன்ங்கிறது எனக்கு நியாயமா படுது, மத்த நாள்ல அது சும்மா இருக்குறதும் அப்போ புரியுது.

இந்த பேர நான் முதல் முதலா கேட்டதே பாட்டிகிட்டதான், ரொம்ப வருஷம் முன்னாடி. பாட்டி வழுக்கி உக்காந்த மாதிரி விழுந்தாங்க, முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கிடுச்சு, திரும்பிப் படுக்கக்கூட முடியாம துடிச்சாங்க. டாக்டர் ஒரு மூக்கு ஸ்ப்ரே எழுதிக் குடுத்தாரு, ஒரு நாள் வலது மூக்கு மறுநாள் இடது மூக்குன்னு மாத்தி மாத்தி அடிக்கணும், எந்த மூக்குன்னு காலண்டர்ல குறிச்சு வெக்கிறது என் வேலை. எலும்புக்கு ஏன் மூக்குல மருந்துன்னு அப்போ புரியல. மாத்திரையா குடுத்தா வயித்துல சோறு செரிக்கிற மாதிரி இதுவும் செரிச்சிடும், அதனாலதான் ஊசி இல்லன்னா மூக்கு. அதுல இருந்தது சால்மன் மீனோட கால்சிடோனின் (இப்போ லேப்லயே தயார் பண்றாங்க). மீனோடத எதுக்கு மனுஷனுக்கு குடுக்குறாங்கன்னா, அது நம்ம கால்சிடோனின விட 40, 50 மடங்கு வீரியம். 32 கண்ணியில ஏறக்குறைய பாதி நம்மளோடதுலேர்ந்து மாறியிருந்தும் நம்ம ரிசப்டர்ல போய் நம்மளோடத விட கெட்டியா ஒட்டிக்கிது, சீக்கிரம் சிதையவும் மாட்டேங்குது. பாட்டிக்கு பத்து நாள்ல வலி நல்லா கொறஞ்சுது. எலும்பு நசுங்கின புது வலிய இந்த மருந்து கொறைக்கும்ங்கிறதுக்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கு, எலும்ப விட அந்த வலிக்குத்தான் அது நல்லா கேட்டுச்சுன்னு கூட சொல்லலாம்.

எலும்பு தேய்மானத்துக்கு அது எவ்ளோ உதவிச்சுங்கிறதுதான் சிக்கல். 2000-ல வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சில மாதவிடாய் நின்ன 1255 பெண்களுக்கு அஞ்சு வருஷம் ஸ்ப்ரே குடுத்துப் பாத்தாங்க. தினம் 200 யூனிட் எடுத்தவங்களுக்கு முதுகெலும்பு முறிவு 33 சதவீதம் கொறஞ்சுது, ஆனா 100 எடுத்தவங்களுக்கும் 400 எடுத்தவங்களுக்கும் அந்த அளவு பலன் தெளிவா தெரியல, நடுவுல இருக்குற டோஸ் மட்டும் வேலை செஞ்சா எப்படி நம்புறது? அதுவும் போக பாதிக்கு மேல ஆளுங்க நடுவுலயே விலகிட்டாங்க. இடுப்பு முறிவ தடுக்குதுன்னு நிரூபிக்கவும் முடியல. அப்புறம் 2012-ல ஐரோப்பிய மருந்து அமைப்பு பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் சேத்துப் பாத்து, நீண்ட நாள் எடுத்தவங்ககிட்ட கேன்சர் கொஞ்சம் கூடுதலா தெரியுது, மாத்திரை வடிவ சோதனைல 0.7 சதவீதத்துலேர்ந்து ஸ்ப்ரேல 2.4 சதவீதம் வரைக்கும் கூடுதல்னு சொல்லி, ஸ்ப்ரேய நிறுத்தச் சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல 2013-ல ஆலோசனைக் குழுல எலும்பு தேய்மானத்துக்கு இது வேணாம்னு 12 பேரும் வேணும்னு 9 பேரும் ஓட்டு போட்டாங்க, ஆனா அங்க முழுசா எடுக்கல, வேற மருந்து ஒத்துக்காதவங்களுக்குன்னு வெச்சிருக்காங்க. இத படிச்ச அன்னிக்கு எனக்கு பாட்டி ஞாபகம் வந்து கொஞ்சம் கலங்கிடுச்சு. அவங்க எடுத்தது சில வாரம்தான், பயப்பட ஒண்ணும் இல்ல, அந்தக் கணக்கு மாசக் கணக்கா வருஷக் கணக்கா எடுத்தவங்களோடது.

இன்னிக்கும் கால்சிடோனின் ஊசிக்கு ஒரு இடம் உறுதியா இருக்கு, அது அவசர சிகிச்சை. கேன்சராலயோ வேற எதனாலயோ கால்சியம் கன்னாபின்னான்னு ஏறி ஆளு குழம்பிப் போய் வர்றாங்க இல்ல, அவங்களுக்கு முதல்ல சலைன், கூடவே உடல் எடைல கிலோவுக்கு 4 யூனிட் கணக்குல 12 மணி நேரத்துக்கு ஒரு தடவ இந்த ஊசி. நாலுலேர்ந்து ஆறு மணி நேரத்துல கால்சியம் எறங்க ஆரம்பிக்கும். 48 மணி நேரத்துல காது மூடிக்கும்னு சொன்னேன்ல, அதுக்குள்ள சோலெட்ரானிக் ஆசிட் மாதிரி மெதுவா வேலை செய்யுற மருந்த போட்டு வெச்சிருப்பாங்க, அதுக்கு ரெண்டு மூணு நாள் பிடிக்கும், இது ஓயும்போது அது எழுந்துக்கும். பேஜட் நோய்னு எலும்பு தாறுமாறா வளர்ற வியாதிக்கும் முன்னாடி நெறைய குடுத்தாங்க, இப்போ மத்ததெல்லாம் ஒத்துக்காட்டிதான்.

இனி அக்கா.

அவங்களுக்கு ரெண்டு வருஷமா வயித்துப்போக்கு. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவ, தண்ணியா. திடீர் திடீர்னு முகம் சிவந்து சூடாகும். எங்க போனாலும் குடல் எரிச்சல், டென்ஷன், மெனோபாஸ் ஆரம்பம்னு ஆளுக்கொரு பேர் சொல்லி அனுப்பினாங்க, கொலோனோஸ்கோப்பி கூட பண்ணி நார்மல்னு வந்துச்சு. மீட்டிங் நடுவுல எழுந்து போறத பத்தி சில பேர் பேசினதும் அவங்க காதுக்கு போச்சு, அது அவங்கள ரொம்ப புண்படுத்துச்சு, எனக்கு இன்னும் அதுல கோவம் இருக்கு. அப்புறம் கழுத்துல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. அல்ட்ரா சவுண்ட்ல சந்தேகம்னு சொல்லி ஊசி குத்தி எடுத்தாங்க, அந்த ரிப்போர்ட் உறுதியா எதுவும் சொல்லல. சி செல் கேன்சர் ஊசி டெஸ்ட்ல நழுவுறது அடிக்கடி நடக்குற விஷயம், அது பல வேஷம் போடும், தனியா சாயம் போட்டுப் பாத்தாத்தான் மாட்டும்.

டாக்டர் கால்சிடோனின் டெஸ்ட் எழுதினாரு. இங்கதான் ஒரு குளறுபடி. எந்த லேப்னு சொல்ல வேணாம், அவங்க ப்ரோகால்சிடோனின் டெஸ்ட் பண்ணி குடுத்துட்டாங்க. பேர் ஒண்ணு போல இருந்தாலும் ரெண்டும் வேற வேற டெஸ்ட். ப்ரோகால்சிடோனின்ங்கிறது கால்சிடோனினுக்கு முந்தின வடிவம், 116 அமினோ அமிலம் நீளம், சி செல் அத நறுக்கித்தான் கால்சிடோனின் பண்ணுது. ஆரோக்கியமா இருக்குறப்போ ரத்தத்துல அது மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழதான். ஆனா உடம்புல பெரிய பாக்டீரியா தொற்று வந்தா கல்லீரல், நுரையீரல், கொழுப்புன்னு கண்ட எடத்துலேர்ந்தும் ப்ரோகால்சிடோனின் கொட்ட ஆரம்பிக்கும், அந்த செல்லுங்களுக்கு அத நறுக்கத் தெரியாது, அப்படியே முழுசா ரத்தத்துல விட்டுடும். வைரஸ்னா அவ்ளோ ஏறாது. அதனாலதான் ஐசியு-ல செப்சிஸ் (தொற்றால உடம்போட உறுப்புங்களே பாதிக்கப்படுற ஆபத்தான நெலம) சந்தேகம்னா இத எடுக்குறாங்க, தினமும் எடுத்து எறங்குதான்னு பாத்து ஆன்டிபயாடிக்க நிறுத்துறதுக்கும் உதவியா வெச்சுக்கிறாங்க. 1993-ல இந்த தொடர்ப முதல்ல எழுதினாங்க.

அக்காவுக்கு அந்த தப்பா எடுத்த ரிப்போர்ட்ல 6-ன்னு வந்துச்சு. 6-ன்னா ஆள் ஐசியு-ல காய்ச்சல்ல நடுங்கிட்டு இருக்கணும். அக்கா காலைல சமைச்சுட்டு ஆபீஸ் வந்துட்டு சாயந்திரம் ரிப்போர்ட் வாங்கிட்டுப் போயிருக்காங்க, காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. லேப்ல தப்பா பண்ணிட்டாங்கன்னு டாக்டர் கோவப்பட்டாரு, ஆனா பேப்பர தூக்கிப் போடாம ரெண்டாவது தடவ பாத்தாரு. தொற்றே இல்லாம இது ஏறணும்னா இத உண்டாக்குற செல்லே பெருகியிருக்கணும். அன்னிக்கே சரியான டெஸ்டுக்கு அனுப்பினாரு, இந்த தடவ ஐஸ்ல வெச்சு உடனே பிரிக்கச் சொல்லி கையால எழுதிக் குடுத்தாரு, ஏன்னா கால்சிடோனின் வெளிய எடுத்து வெச்சா கரைஞ்சு போற சரக்கு. மில்லிலிட்டருக்கு 2300 பிகோகிராம். சாதாரணமா பத்துக்கு கீழ இருக்கணும். மெடுல்லரி தைராய்டு கேன்சர், அதாவது மேல சொன்ன அந்த சி செல் கேன்சர். அந்த ரெண்டு வருஷ வயித்துப்போக்குக்கும் அதுதான் காரணம், கட்டி விடுற பொருளுங்க குடல விரட்டுது.

இங்க ஒண்ணு சொல்லணும், கால்சிடோனின் கொஞ்சம் ஏறியிருந்தா உடனே கேன்சர்னு யாரும் பதற வேணாம். சிறுநீரகக் கோளாறு, புகைப் பழக்கம், வயித்து அமிலத்துக்கு நாள் கணக்கில்லாம போடுற மாத்திரை இதெல்லாமே அத கொஞ்சம் ஏத்தும், ஆண்களுக்கு இயல்பாவே பெண்கள விட கொஞ்சம் அதிகம் இருக்கும். 15, 20-ங்கிறதுக்கும் 2300-ங்கிறதுக்கும் நடுவுல நெறைய தூரம் இருக்கு. கழுத்துல கட்டி இருக்குற எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கணுமாங்கிறதுலயே டாக்டருங்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல, ஐரோப்பாவுல பல பேர் எடுக்கணும்ங்கிறாங்க, அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-ல ஆமான்னும் சொல்லல வேணாம்னும் சொல்லல. ஏன்னா தைராய்டு கேன்சர்லயே இது சில சதவீதம்தான், எல்லாருக்கும் எடுத்தா வீண் பயம்தான் நெறைய பேருக்கு. எனக்கு அந்த நியாயம் புரியுது. ஆனா கட்டியோட சேந்து காரணம் தெரியாத வயித்துப்போக்கும் முகம் சிவக்கிறதும் இருக்குறவங்களுக்கு, ஊசி டெஸ்ட் குழப்பமா வந்தவங்களுக்கு, வீட்ல யாருக்காவது இது இருந்தவங்களுக்கு, இந்த ஒரு டெஸ்ட எடுக்காம விடுறத என்னால ஏத்துக்க முடியல.

ஆபரேஷனுக்கு முன்னாடி அவங்களுக்கு அட்ரினல்ல கட்டி இருக்கான்னு பாத்தாங்க, கழுத்துல கட்டிக்கு எதுக்கு சிறுநீரகத்துக்கு மேல ஸ்கேன்னு நாங்க முழிச்சோம். இந்த கேன்சர்ல நாலுல ஒண்ணு பரம்பரையா வருது, ரெட்னு ஒரு ஜீன்ல பிழை, 1993-ல கண்டுபிடிச்சாங்க. அந்த பிழை இருக்குறவங்களுக்கு அட்ரினல்லயும் கட்டி வரலாம், அத தெரியாம மயக்க மருந்து குடுத்தா பிபி எகிறி உயிருக்கே ஆபத்து. பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கழுத்துல கட்டின்னு யாருக்கும் ஞாபகம் இல்லாட்டியும் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, இந்த கேன்சர் வந்த எல்லாருக்குமே. பிள்ளைக்கு அந்த ஜீன் போயிருக்குறதுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு. போயிருந்தா என்ன பண்றாங்கங்கிறதுதான் எனக்கு இதுல ரொம்ப உறைச்ச விஷயம். கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே தைராய்ட எடுத்துடுறாங்க. பிழை அந்த ஜீன்ல எந்த எடத்துல இருக்குங்கிறத பொறுத்து, சில குழந்தைங்களுக்கு அஞ்சு வயசு வாக்குல, ரொம்ப கடுமையான வகைக்கு முதல் வருஷத்துக்குள்ளயே. ஆரோக்கியமா ஓடி ஆடிட்டு இருக்குற குழந்தைய, ஒரு பேப்பர்ல இருக்குற ஒரு எழுத்து மாறியிருக்குன்னு, ஆபரேஷன் டேபிளுக்கு தூக்கிட்டுப் போற அப்பா அம்மாவ நெனச்சுப் பாருங்க. அது சரியான முடிவுதான். அந்தக் குழந்தைக்கு அப்புறம் ஆயுசு முழுக்க தைராக்ஸின் வேணும், கால்சிடோனின் வேணாம், நான் இருக்குற மாதிரியே இருக்கும்.

அக்காவோட பையனுக்கு அப்போ பதினோரு வயசு. ஜீன் ரிசல்ட் வர்ற வரைக்கும் சில வாரம் அவங்க தன்னோட கேன்சர பத்தி ஒரு வார்த்தை பேசல, அவன் கழுத்தையே பாத்துட்டு இருந்தாங்க. பிழை இல்லன்னு வந்துச்சு. அன்னிக்குத்தான் அவங்க எங்க முன்னாடி அழுதாங்க.

தைராய்டும் கழுத்து நிணநீர் முடிச்சுங்களும் எடுத்தாச்சு. மத்த தைராய்டு கேன்சருக்கு குடுக்குற ரேடியோ அயோடின் இதுக்கு பிரயோஜனம் இல்ல, சி செல் அயோடின எடுத்துக்காதுன்னு மேல சொன்னேன், அதுதான் காரணம். அதனால பரவிட்டா என்ன பண்றதுன்னு ரொம்ப காலம் கையப் பிசைஞ்சுட்டு இருந்திருக்காங்க, 2011-ல வாண்டெடானிப், அடுத்த வருஷம் கபோசான்டினிப், 2020-ல அந்த ரெட் ஜீனோட பிழைய மட்டும் குறி வெக்கிற செல்பெர்காடினிப்னு மருந்துங்க வந்திருக்கு. அக்காவுக்கு இதுவரைக்கும் அதெல்லாம் தேவைப்படல.

நடுவுல ஒண்ணு, ஆபீஸ்ல ஒருத்தர் வெயிட் கொறைக்கிற ஊசி போட்டுக்கலாமான்னு கேட்டுட்டு இருந்தப்போ அக்கா சொன்னாங்க, எனக்கு அது கூடாதுன்னு. செமாகுளுடைட், லிராகுளுடைட் மாதிரி ஜிஎல்பி-1 ஊசிங்க எலிங்களுக்கு குடுத்தப்போ சி செல் கட்டி வந்துச்சு, எலி சி செல்ல அந்த மருந்து ஒட்டிக்கிற ரிசப்டர் நெறைய, மனுஷங்களுக்கு ரொம்ப கம்மி, அதனால மனுஷங்களுக்கு அப்படி வரும்னு காட்டப்படல. ஆனாலும் மெடுல்லரி கேன்சர் இருந்தவங்களுக்கும், அது குடும்பத்துல இருந்தவங்களுக்கும் அந்த ஊசி வேணாம்னு அமெரிக்காவுல மருந்து பெட்டியோட வர்ற தாள்லயே கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க. ஊசி கேக்க வர்றவங்ககிட்ட குடும்ப வரலாறு கேக்குறது இதுக்காகத்தான், அந்தக் கேள்விக்கு யோசிக்காம இல்லன்னு சொல்லிட வேணாம், வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டுட்டு சொல்லுங்க.

இதே கால்சிடோனின் ஜீனுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. தைராய்டுல அந்த ஜீன ஒரு விதமா வெட்டி ஒட்டினா கால்சிடோனின், நரம்புல வேற விதமா வெட்டி ஒட்டினா சிஜிஆர்பின்னு வேற ஒரு பொருள், 1980-கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்சது. ஒரே துணி, ரெண்டு தையல். அந்த சிஜிஆர்பிதான் ஒத்தத் தலைவலில ரத்தக் குழாய விரிய வெச்சு வலிய கிளப்புற பெரிய ஆள், அத தடுக்குற எரெனுமாப் ஊசி 2018-ல வந்துச்சு, இப்போ மாத்திரையும் இருக்கு. அது தனி பதிவா எழுதுற அளவுக்கு இருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு அக்காவோட கால்சிடோனின் 35. பூஜ்ஜியம் ஆகல. அப்படின்னா எங்கயோ கண்ணுக்குத் தெரியாம சில செல் மிச்சம் இருக்கு. 150-க்கு கீழ இருந்தா கழுத்த அல்ட்ரா சவுண்ட்ல பாத்துட்டு காத்திருக்கலாம், அதுக்கு மேல போனாதான் நுரையீரல் கல்லீரல் எலும்புன்னு தேடுவோம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நம்பர் எவ்ளோங்கிறத விட அது ரெட்டிப்பாக எவ்ளோ நாள் எடுக்குதுங்கிறதுதான் முக்கியமாம், ஆறு மாசத்துக்குள்ள ரெட்டிப்பானா கவலை, ரெண்டு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டா பல வருஷம் நிம்மதியா போகலாம். அதுக்காக ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல ஒரே முறைல எடுக்கணும், லேப் மாறினா நம்பர் மாறும். (முதல்ல குளறுபடி பண்ண லேப்புக்கு அவங்க திரும்பப் போகல.)

ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எனக்கு வாட்ஸாப்ல ஒரு நம்பர் மட்டும் வரும், வேற எதுவும் எழுத மாட்டாங்க. 35. 37. 36. 41. நான் ஒரு பேப்பர்ல கோடு போட்டு ஒவ்வொண்ணா புள்ளி வெச்சுட்டு வரேன். போன வாரம் வந்தது 40.